அலுவலகக் கணினிகளில் எதைத் தடுப்பது, எதைப் பதிவு செய்வது, எதில் தலையிடாமல் இருப்பது

அலுவலகத்தில் நெட் பயன்பாட்டைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் முதலில் தேடிப் போவது ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் மென்பொருளைத்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லார் திரையையும் படம் பிடிக்கும், மவுஸ் எவ்வளவு நேரம் அசைந்தது என்று சதவீதக் கணக்கு காட்டும், மாதாமாதம் சந்தா கட்டினால் போதும். இருபது பேர் எட்டு மணி நேரம் வேலை பார்த்தால் ஒரே நாளில் கிட்டத்தட்ட 2,000 படங்கள் சேர்ந்துவிடும், அதை உட்கார்ந்து பார்க்கத் தனியாக ஒரு ஆள் வேண்டும், அப்படி யாரும் இருக்க மாட்டார்கள். படங்கள் பாட்டுக்குச் சேர்ந்துகொண்டே போகும், வேலை செய்கிறவர்களுக்கு மனக்கசப்புதான் மிஞ்சும்.

நான் சொல்லும் வரிசை இதற்கு நேர் எதிர். தடுக்க வேண்டியதை முதலில் கணினியிலும் ரூட்டரிலும் தடுத்துவிடுங்கள். தடுக்க முடியாததில் தேவையானதை மட்டும் பதிவு செய்யுங்கள். ஆளை உற்றுப் பார்ப்பதைக் கடைசிக்கு வையுங்கள், முடிந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். இதில் எதைச் செய்தாலும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பத்து முதல் ஐம்பது கணினி வரை இருக்கிற, தனியாக ஐடி துறை இல்லாத அலுவலகத்தை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். விண்டோஸ் கணினிகள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், உங்கள் பிரச்சினை எது?

ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். "வேலை நேரத்தில் வீடியோ பார்க்கிறார்கள்" என்பது ஒரு பிரச்சினை. "நெட் மெதுவாக இருக்கிறது" என்பது வேறு. "வாடிக்கையாளர் பட்டியல் வெளியே போகிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது" என்பது முற்றிலும் வேறு. "யாரோ கிராக் மென்பொருள் போட்டு வைரஸ் வந்துவிட்டது" என்பது இன்னொன்று. நாலுக்கும் மருந்து வேறு வேறு.

நெட் மெதுவாக இருக்கிறதா? யாரையும் சந்தேகப்படுவதற்கு முன் ரூட்டரில் எந்தக் கணினி எவ்வளவு டேட்டா இழுக்கிறது என்று பாருங்கள். பல அலுவலகங்களில் குற்றவாளி விண்டோஸ் அப்டேட்டாகவோ, பகல் நேரத்தில் ஓடும் கிளவுட் பேக்கப்பாகவோதான் இருக்கும். பேக்கப்பை இரவுக்கு மாற்றினால், ரூட்டரில் க்யூஓஎஸ் என்று இருப்பதைத் திறந்து வீடியோ அழைப்புக்கு முன்னுரிமை கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். வைரஸ் பயம் என்றால் அட்மின் உரிமையை, அதாவது மென்பொருள் நிறுவவும் கணினி அமைப்பை மாற்றவும் உள்ள அதிகாரத்தை, ஊழியர் கணக்கிலிருந்து பறிப்பதுதான் வழி. தகவல் கசிவு என்றால் யார் எந்த ஃபோல்டரைத் திறக்கலாம் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வீடியோ பார்க்கிறார்கள் என்பது மட்டும்தான் குறை, ஆனால் வேலை உரிய நேரத்தில் முடிந்துகொண்டுதான் இருக்கிறது என்றால், அதற்காக மென்பொருள் வாங்குவது வீண் செலவு என்பது என் கருத்து. வேலை முடியவில்லை என்றால் வேலையைப் பற்றிப் பேசுங்கள், யூடியூபைப் பற்றி அப்புறம் பேசலாம்.

சொல்லிவிட்டுச் செய்யுங்கள்

இது மரியாதைக்காக மட்டும் சொல்லும் விஷயம் இல்லை. ருமேனியாவில் ஒரு நிறுவனம், வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வதற்காக ஒரு ஊழியரை யாகூ மெசஞ்சரில் கணக்கு தொடங்கச் சொன்னது. 2007-ல் அந்தக் கணக்கைக் கண்காணித்து, சகோதரரோடும் கல்யாணம் நிச்சயமான பெண்ணோடும் அவர் பேசியதெல்லாம் சேர்த்து 45 பக்கத்துக்குப் பிரதி எடுத்து அவர் முன்னால் வைத்து, சொந்த உபயோகம் கூடாது என்ற விதியை மீறினீர்கள் என்று வேலையை விட்டு நீக்கியது. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 2016-ல் அந்த நீதிமன்றத்தின் சிறிய அமர்வு நிறுவனத்தின் பக்கம் நின்றது, ஆனால் 2017 செப்டம்பர் 5 அன்று பெரிய அமர்வு 11-க்கு 6 என்ற கணக்கில் அதை மாற்றி, அவருடைய தனியுரிமைக்கு ருமேனிய நீதிமன்றங்கள் போதிய பாதுகாப்பு தரவில்லை என்று தீர்ப்பளித்தது. பார்புலெஸ்கு வழக்கு என்று சொல்வார்கள். சொந்த உபயோகம் கூடாது என்ற விதி அந்த அலுவலகத்தில் இருந்தது, அதை எல்லாருக்கும் தெரிவித்தும் இருந்தார்கள். கண்காணிப்போம், இவ்வளவு தூரம் கண்காணிப்போம், நீங்கள் எழுதுவதைப் படிக்கவும் செய்வோம் என்று முன்கூட்டியே சொன்னார்களா என்பதுதான் அங்கே பெரிய கேள்வியாக நின்றது. தடை போட்டிருக்கிறோமே, அது போதாதா என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவிலும் நியூயார்க் மாநிலத்தில் 2022 மே 7 முதல், ஊழியர்களின் மெயிலையோ இணையப் பயன்பாட்டையோ கண்காணிக்கும் தனியார் நிறுவனங்கள் வேலைக்குச் சேரும்போதே எழுத்தில் தெரிவித்து, அறிவிப்பைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்க வேண்டும். கனெக்டிகட், டெலவேர் மாநிலங்களிலும் முன்னறிவிப்புச் சட்டம் உண்டு. நீங்கள் இருக்கும் இடத்தில் என்ன சட்டம் என்பதை வேலைச் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள், அந்தக் கட்டணம் கண்டிப்பாக வீண் போகாது.

அறிவிப்பு நீளமாக இருக்க வேண்டியதில்லை. கீழே இருக்கிற மாதிரி ஒரு பக்கத்துக்குள் முடியட்டும், பெயரும் நாளும் உங்கள் அலுவலகத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

"இந்த அலுவலகத்தின் கணினிகளும் இணைய இணைப்பும் வேலைக்காகத் தரப்பட்டவை. இடைவேளையில் சொந்த விஷயத்துக்காகக் கொஞ்சம் பயன்படுத்துவதில் ஆட்சேபம் இல்லை. ஆபாசம், சூதாட்டம், டொரண்ட், திருட்டு மென்பொருள் தளங்கள் தடுக்கப்பட்டுள்ளன. எந்தக் கணினியிலிருந்து எந்த இணையதளம் திறக்கப்பட்டது என்பது தானாகப் பதிவாகும். பக்கத்தில் என்ன இருந்தது, நீங்கள் என்ன தட்டச்சு செய்தீர்கள் என்பது பதிவாகாது. பதிவுகள் 60 நாளில் அழிக்கப்படும். அவற்றைப் பார்க்க இன்னார், இன்னார் ஆகிய இருவருக்கு மட்டுமே அனுமதி, இருவரும் சேர்ந்துதான் பார்ப்பார்கள். ஒருவருடைய பதிவைப் பார்க்க நேர்ந்தால் ஏன் பார்த்தோம் என்பதை அவரிடமே சொல்வோம். வேலைக்குத் தேவையான தளம் ஏதாவது தடைபட்டிருந்தால் இன்னாரிடம் சொல்லுங்கள், அன்றைக்கே திறந்து தரப்படும்."

கையெழுத்து வாங்கி ஃபைலில் வையுங்கள். முதலாளி, மேலாளர் கணினிகளுக்கும் இதே விதிதான் என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள், சொன்னபடி செய்யவும் செய்யுங்கள். மேலே இருக்கிறவர்களுக்கு மட்டும் திறந்திருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அந்தத் தாளுக்கு மதிப்பு இருக்காது.

டிஎன்எஸ் வழியாகத் தடுப்பது

செலவில்லாமல், ஒரே இடத்தில், அலுவலகம் முழுவதற்கும் வேலை செய்யும் தடை இதுதான். எந்தத் தளத்தைத் திறந்தாலும் கணினி முதலில் அந்தப் பெயருக்கு உரிய ஐபி எண்ணை (நெட்வொர்க்கில் அதன் முகவரி எண்) ஒரு டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கிறது. கேட்கும் இடத்திலேயே "இது கிடையாது" என்று பதில் வந்தால் பக்கம் திறக்காது. ரூட்டருக்குள் போங்கள், பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் பெரும்பாலும் வந்துவிடும், அங்கே டிஎச்சிபி (கணினிகளுக்கு எண் ஒதுக்கும் பகுதி) அல்லது லேன் பகுதியில் டிஎன்எஸ் எண் இரண்டு கேட்கும். கிளவுட்ஃபிளேரின் 1.1.1.2, 1.0.0.2 போட்டால் வைரஸ் பரப்பும் தளங்கள் மட்டும் தடைபடும். 1.1.1.3, 1.0.0.3 போட்டால் அதோடு ஆபாசத் தளங்களும் தடைபடும். குவாட்9-இன் 9.9.9.9-உம் தீங்கான தளங்களைத் தடுப்பதுதான். சூதாட்டம், சமூக வலைத்தளம் என்று வகைவாரியாகத் தேர்ந்தெடுத்துத் தடுக்க வேண்டும் என்றால் ஓப்பன்டிஎன்எஸ்-இல் கணக்குத் தொடங்கி 208.67.222.222, 208.67.220.220 ஆகிய எண்களைப் போட வேண்டும். ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டை அப்போதே மாற்றிவிடுங்கள், அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்டையே வைத்திருந்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே போய் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடுவார்கள்.

பதிவும் வேண்டும் என்றால் பை-ஹோல் என்ற இலவச மென்பொருளை ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கணினியிலோ, சும்மா கிடக்கும் பழைய கணினியில் லினக்ஸ் போட்டோ ஓட்டலாம். ரூட்டரில் டிஎன்எஸ் எண்ணாக அந்தக் கணினியின் எண்ணைக் கொடுத்தால் எந்தக் கணினி எந்தப் பெயரைக் கேட்டது என்பது வரிசையாக வந்துகொண்டிருக்கும்.

இதைத் தாண்டிப் போக மூன்று வழி உண்டு, மூன்றையும் அடைக்காவிட்டால் விவரம் தெரிந்தவர் ஒருவர் கண்டுபிடித்து மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிடுவார். ஒன்று, கணினியிலேயே டிஎன்எஸ் எண்ணை மாற்றிக்கொள்வது. ரூட்டரின் ஃபயர்வாலில், உங்கள் டிஎன்எஸ் சர்வரைத் தவிர வேறு எதுவும் 53-ஆம் போர்ட் (போக்குவரத்து வகைவாரியாகப் போகும் எண்ணிட்ட வாசல்) வழியாக வெளியே போகக்கூடாது என்று விதி போட்டால் அது நிற்கும். 853-ஆம் போர்ட்டையும் சேர்த்து மூடுங்கள், மறையாக்கம் செய்த டிஎன்எஸ் ஒன்று அந்த வழியாகப் போகும். இரண்டு, பிரவுசரே ஹெச்டிடிபிஎஸ் வழியாக டிஎன்எஸ் கேட்பது. இது 443-ஆம் போர்ட்டில் சாதாரண இணையப் போக்குவரத்தோடு கலந்து போவதால் ரூட்டரில் பிடிப்பது கஷ்டம், பிரவுசர் பாலிசியில்தான் நிறுத்த வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன். மூன்று, இலவச விபிஎன், அதாவது போக்குவரத்தை மறைத்து வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் மென்பொருள். பெரும்பாலும் எக்ஸ்டென்ஷனாகவோ, பென்டிரைவில் கொண்டுவந்த சின்ன மென்பொருளாகவோ வரும். அதற்கும் கணினியில்தான் வேலை இருக்கிறது.

சொந்த மொபைல்களை இதற்குள் இழுக்காதீர்கள். அவர்கள் மொபைல் டேட்டாவில் என்ன பார்க்கிறார்கள் என்பது உங்கள் கைக்கு வராது, வரவும் கூடாது. கெஸ்ட் வைஃபை ஒன்றைத் தனியாகத் திறந்து, அதற்கு வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்து, மொபைல் எல்லாம் அதில் இருக்கட்டும் என்று விடுங்கள். அலுவலகக் கணினியும் பிரின்டரும் இருக்கும் நெட்வொர்க்கில் யாருடைய சொந்தக் கருவியும் வராமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு.

லாக் படிப்பது எப்படி

இந்த இடத்தில்தான் அதிக அநியாயம் நடக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

பை-ஹோல் வைத்திருக்கும் பதிவில், அதாவது லாகில், ஒரு வரி இப்படி இருக்கும்: காலை 10:42:07, கனெக்ட் டாட் ஃபேஸ்புக் டாட் நெட், கேட்டது 192.168.1.34. அடுத்த ஒரு மணி நேரத்தில் அதே கணினியிலிருந்து அதே பெயர் நாற்பது முறை. பார்த்தவுடன் என்ன தோன்றும்? காலையிலேயே ஃபேஸ்புக்கில் உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தப் பெயர் ஃபேஸ்புக்கைத் திறந்தால்தான் வரும் என்றில்லை. செய்தித் தளங்கள், கடைத் தளங்கள் என்று ஏகப்பட்ட பக்கங்களில் லைக் பட்டனுக்கும் விளம்பரக் கணக்குக்கும் வைத்திருக்கும் துணுக்கு அங்கிருந்துதான் வருகிறது. அவர் வேலை விஷயமாகப் பத்துத் தளங்களில் விலை ஒப்பிட்டுப் பார்த்தாலே நாற்பது வரி சேர்ந்துவிடும். திறந்து வைத்து மறந்துபோன ஒரு டேப்பும் தானாகவே கேட்டுக்கொண்டிருக்கும். எத்தனை முறை கேட்டது என்பதை வைத்து எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்லவே முடியாது. டிஎன்எஸ் லாகில் நேரக் கணக்கு கிடையாது, பக்கத்தின் முகவரியும் கிடையாது, தளத்தின் பெயர் மட்டும்தான்.

இன்னொன்று, 192.168.1.34 யாருடைய கணினி? ரூட்டர் தானாக எண் கொடுக்கும் என்றால் இன்றைக்கு அது கணக்குப் பிரிவில் இருக்கும், அடுத்த வாரம் வரவேற்பறையில் இருக்கும். ஒவ்வொரு கணினியின் மேக் முகவரிக்கும் (அதன் நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) நிலையான எண் ஒதுக்கி, டிஎச்சிபி ரிசர்வேஷன் என்று ரூட்டரில் இருப்பதைச் செய்துவைத்த பிறகுதான் அந்த லாகைப் பற்றிப் பேசவே முடியும். அப்போதும் தெரிவது கணினிதான், அதன் முன்னால் உட்கார்ந்திருந்தது யார் என்பது தெரியாது. ஆளுக்கொரு லாகின் இருந்து, எழுந்து போகும்போது பூட்டிவிட்டுப் போகும் பழக்கமும் இருந்தால் மட்டும் கணினியில் நடந்தவற்றின் பதிவைக் காட்டும் விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி பகுதியில், லாகினைக் குறிக்கும் 4624 என்ற எண்ணைப் பார்த்து அந்த நேரத்தில் யார் உள்ளே இருந்தார் என்று ஒத்துப் பார்க்கலாம். 4625 என்றால் தோற்றுப்போன லாகின் முயற்சி, பெரும்பாலும் தவறான பாஸ்வேர்டாக இருக்கும்.

ஆகவே லாகை ஆள் வாரியாக மேயாதீர்கள். வாரம் ஒருமுறை, அலுவலகம் முழுவதற்கும் சேர்த்து, தடைபட்ட பெயர்களின் பட்டியலை மட்டும் பாருங்கள். நடுராத்திரியில் ஒரு கணினி தெரியாத பெயர் ஒன்றை ஆயிரம் முறை கேட்டிருந்தால் அது வைரஸாக இருக்கலாம், உடனே நெட்டைத் துண்டித்துவிட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்து லாகினால் கிடைக்கும் உண்மையான லாபம் இந்த மாதிரிக் கண்டுபிடிப்புதான்.

அட்மின் உரிமையைப் பறிப்பது

ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். எல்லாரும் தினசரி வேலைக்கு ஸ்டாண்டர்ட் யூசர் கணக்கில், அதாவது அட்மின் உரிமை இல்லாத கணக்கில், இருக்க வேண்டும், மேலாளரும் கூட. வரிசை மாறாமல் செய்யுங்கள்: முதலில் புதிதாக ஒரு அட்மின் கணக்கு உருவாக்குங்கள், அதில் லாகின் ஆகிப் பாருங்கள், பாஸ்வேர்ட் வேலை செய்கிறது என்று உறுதியான பிறகு அங்கிருந்து செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று போய்ப் பழைய கணக்கை ஸ்டாண்டர்டாக மாற்றுங்கள். மாற்றிய பின் இரண்டு மூன்று நாள் தொந்தரவு இருக்கும். பழைய கணக்குப் பதிவு மென்பொருள் ஏதாவது அட்மின் உரிமை இல்லாமல் ஓடமாட்டேன் என்று அடம்பிடிக்கும், பெரும்பாலும் அது எழுதும் ஃபோல்டருக்கு மட்டும் அந்த யூசருக்கு உரிமை கொடுத்தால் சரியாகிவிடும். அதற்காகப் பழையபடி அட்மின் கொடுத்துவிடாதீர்கள்.

ஸ்டாண்டர்ட் யூசராக இருந்தாலும் நிறுவத் தேவையில்லாத மென்பொருள்களை டவுன்லோட் ஃபோல்டரிலிருந்தோ பென்டிரைவிலிருந்தோ அப்படியே ஓட்ட முடியும். அதைத் தடுக்க விண்டோஸிலேயே ஆப்லாக்கர் இருக்கிறது. புரோகிராம் ஃபைல்ஸ், விண்டோஸ் ஆகிய இரண்டு ஃபோல்டரில் இருப்பது மட்டும் ஓடலாம், மற்ற இடத்தில் இருப்பது ஓடாது என்பதே அதன் இயல்பான விதிகளின் சாரம். ஸ்டாண்டர்ட் யூசரால் அந்த இரண்டு ஃபோல்டரில், சில உட்ஃபோல்டர்களைத் தவிர, எதையும் போட முடியாது என்பதால் சேர்ந்து நன்றாகவே வேலை செய்யும். அப்ளிகேஷன் ஐடென்டிட்டி என்ற சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இதை மறந்துவிட்டு விதி வேலை செய்யவில்லையே என்று தேடுகிறவர்கள் நிறையப் பேர். எடுத்த எடுப்பில் தடுக்காமல் ஆடிட் ஒன்லி என்ற நிலையில் இரண்டு வாரம் விடுங்கள். ஈவென்ட் வியூவரில் 8003 என்று வருவதெல்லாம் "தடை இருந்திருந்தால் இது நின்றிருக்கும்" என்ற அறிவிப்பு. அதில் வேலைக்கு வேண்டியது எது என்று பார்த்து விதிவிலக்குப் போட்ட பிறகு தடையை இயக்குங்கள், அப்புறம் 8004 வந்தால் உண்மையிலேயே தடுத்திருக்கிறது என்று அர்த்தம்.

பிரவுசர் பாலிசி

க்ரோம், எட்ஜ் இரண்டுக்கும் குரூப் பாலிசி (விண்டோஸில் கணினிக்கான விதிகளைப் போடும் வசதி) வழியாக விதி போடலாம். விண்டோஸ் ஹோமில் குரூப் பாலிசி எடிட்டர் வராது, புரோ வேண்டும், அலுவலகத்துக்குக் கணினி வாங்கும்போதே இதைக் கவனியுங்கள். க்ரோமுக்கான விதிகள் அதில் தெரிய, டெம்ப்ளேட் ஃபைலைக் கூகுளிலிருந்து இறக்கிச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கணினியாகப் போய்ச் செய்வது கஷ்டம் என்றால் கூகுளே இலவசமாகத் தரும் க்ரோம் என்டர்பிரைஸ் கோர் வழியாக ஒரே இடத்திலிருந்து எல்லாக் கணினியின் க்ரோமையும் நிர்வகிக்கலாம்.

கட்டாயம் போட வேண்டியவை என்று நான் நினைப்பது மூன்று, தேவைப்பட்டால் நாலாவதாக ஒன்று. ஹெச்டிடிபிஎஸ் வழி டிஎன்எஸ்-ஐ அணைப்பது, இல்லாவிட்டால் மேலே செய்த டிஎன்எஸ் தடை வீண். எக்ஸ்டென்ஷன் தடுப்புப் பட்டியலில் நட்சத்திரக் குறி ஒன்று போட்டு எல்லாவற்றையும் தடுத்து, வேலைக்கு வேண்டிய இரண்டு மூன்றை மட்டும் அனுமதிப்பது, இலவச விபிஎன் எக்ஸ்டென்ஷனும் இதிலேயே போய்விடும். யுஆர்எல் தடுப்புப் பட்டியல். பணம் அனுப்பும் கணினி, பில் போடும் கணினி போன்றவற்றில் இதையே தலைகீழாகச் செய்து, எல்லாவற்றையும் தடுத்துவிட்டு வங்கி, வரித் தளம், உங்கள் மென்பொருள் தளம் என்று ஏழெட்டை மட்டும் திறந்துவிடுங்கள். நாலாவது, தேவை என்றால் மட்டும், இன்காக்னிட்டோவை மூடுவது. போட்ட விதி சேர்ந்துவிட்டதா என்று பார்க்க க்ரோமின் பாலிசி பக்கத்தைத் திறந்தால் பட்டியலாகத் தெரியும். ஃபயர்ஃபாக்ஸும் ஓபராவும் கணினியில் கிடந்தால் இவ்வளவும் செய்து பயனில்லை, ஒரே பிரவுசர் என்று முடிவு செய்து மற்றதை எடுத்துவிடுங்கள்.

யூடியூபை ஒரேயடியாக அடைக்க வேண்டாம். மெஷின் ரிப்பேர், எக்செல் சூத்திரம், புது மென்பொருள் என்று எதைக் கற்றுக்கொள்ளப் போனாலும் இன்றைக்கு அங்கேதான் போகிறார்கள். சமூக வலைத்தளம் தடுத்தே ஆக வேண்டும் என்றால் ரூட்டரில் நேர அட்டவணை போட்டு மதிய இடைவேளையில் திறந்துவிடுங்கள்.

பென்டிரைவும் ஃபைல்களும்

குரூப் பாலிசியில் கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், ரிமூவபிள் ஸ்டோரேஜ் ஆக்சஸ் என்று போனால் பென்டிரைவுக்கான விதிகள் இருக்கும். எழுதுவதை மட்டும் தடுத்தால் வெளியிலிருந்து வருவதைத் திறக்கலாம், இங்கிருந்து எடுத்துப் போக முடியாது. எல்லாவற்றையும் தடுக்கும் விதியும் அங்கேயே இருக்கிறது. கீபோர்டும் மவுஸும் ஸ்டோரேஜ் கிடையாது என்பதால் அவை பாதிக்காது.

ஆனால் பென்டிரைவை அடைத்துவிட்டு, வாடிக்கையாளர் பட்டியல் எக்செல் ஃபைலை எல்லாரும் திறக்கக்கூடிய ஷேர் ஃபோல்டரில் வைத்திருந்தால் மெயிலில் போகும், வாட்ஸாப் வெப்பில் போகும், திரையை மொபைலில் படம் பிடித்தும் போகும். யாருக்கு அந்த ஃபைல் வேண்டுமோ அவர்களுக்கு மட்டும் உரிமை கொடுங்கள், அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் ஆடிட்டிங் இயக்குங்கள், 4663 என்ற ஈவென்ட்டில் யார் எப்போது திறந்தார் என்று வரும். மொத்த அலுவலகத்தையும் கண்காணிப்பதைவிட விலைமதிப்புள்ள ஐந்து ஃபோல்டரைக் கண்காணிப்பது எளிது, யாருக்கும் இதில் மனவருத்தமும் வராது.

செய்ய வேண்டாம் என்று நான் சொல்பவை

கீலாகர், அதாவது கீபோர்டில் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்யும் மென்பொருள். யாராவது சொன்னாலும் போடாதீர்கள். ஊழியர் தன் வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டை அடித்தாலும் அது உங்கள் சர்வரில் வந்து உட்காரும். நாளைக்கு அவர் கணக்கில் பணம் போனால் யாரைக் கேட்பார்கள்? உங்கள் சர்வரை வெளியாள் ஒருவன் உடைத்தால் எல்லாருடைய பாஸ்வேர்டும் ஒரே இடத்தில் தயாராக இருக்கும்.

ஹெச்டிடிபிஎஸ் போக்குவரத்தைப் பிரித்துப் படிக்கும் ஃபயர்வாலும் இதே கதைதான். எல்லாக் கணினியிலும் உங்கள் ரூட் சர்டிஃபிகேட் ஒன்றைப் போட்டால் பக்கத்துக்குள் இருப்பதெல்லாம் தெரியும், மருத்துவமனைத் தளமும் சேர்த்து. அதைச் சரியாகப் பராமரிக்க ஆள் இல்லாத சின்ன அலுவலகத்துக்கு அது பாதுகாப்பைக் கூட்டாது, குறைக்கத்தான் செய்யும்.

ஸ்கிரீன்ஷாட்டும் மவுஸ் கணக்கும். 2024 டிசம்பரில் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனத்துக்கு 40,000 யூரோ அபராதம் போட்டது. கீபோர்டும் மவுஸும் சில நிமிடம் அசையாவிட்டால் வேலை செய்யவில்லை என்று கணக்கெழுதியது, திரையை அடிக்கடி படம் எடுத்தது இரண்டும் அதற்கான காரணங்களில் அடங்கும். கீபோர்ட் அசையாத நேரத்தில் அவர் போனில் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்திருக்கலாம், தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கலாம். அதே ஆண்டு அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்டில் வேலை நடப்பது போலப் போலியாகக் காட்டியதற்காகப் பத்துக்கும் மேற்பட்டவர்களை நீக்கிய செய்தி வந்தது. மவுஸ் அசைவை அளந்தால் மவுஸை அசைக்கக் கற்றுக்கொள்வார்கள், அதற்கென்றே குட்டிக் கருவிகள் விற்கின்றன.

பணம் கையாடல், தகவல் திருட்டு என்று குறிப்பிட்ட ஒருவர் மேல் ஆதாரத்தோடு சந்தேகம் வந்தால் அது வேறு விஷயம். அப்போது என்ன சந்தேகம், எந்தக் கணினி, எத்தனை நாள், யார் பார்ப்பார்கள் என்று எழுதிவைத்து, வக்கீலைக் கேட்டு, அந்த அளவோடு நிறுத்துங்கள். நீங்களே அந்தக் கணினியைத் திறந்து நோண்டினால் கோப்புகளின் தேதி மாறி, பிறகு ஆதாரம் என்று காட்ட முடியாமல் போகலாம்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு அலுவலக லேப்டாப் கொடுங்கள், அதில் மேலே சொன்ன கணக்கு விதியும் பிரவுசர் விதியும் அப்படியே கூட வரும், ரூட்டர் தடை மட்டும்தான் வராது. அவர்களுடைய சொந்தக் கணினியில் கண்காணிப்பு மென்பொருள் போடச் சொல்லாதீர்கள், அதில் வீட்டில் உள்ள மற்றவர்களும் உட்காருவார்கள். சொந்தக் கணினிதான் என்றால் ரிமோட் டெஸ்க்டாப்பில் அலுவலகக் கணினிக்குள் வந்து வேலை பார்க்கட்டும், ஆனால் விபிஎன் இல்லாமல் அந்த போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள்.

தடையில் ஒருவர் மாட்டினால்

தடைபட்ட தளம் ஒன்றை ஒருவர் திரும்பத் திரும்பத் திறக்க முயன்றிருக்கிறார் என்று தெரிந்தால் முதலில் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், எல்லார் முன்னாலும் வேண்டாம், மெயிலிலும் வேண்டாம். "இந்தத் தளம் உங்கள் கணினியிலிருந்து இத்தனை முறை போயிருக்கிறது, என்ன விஷயம்?" என்று கேட்டால் போதும். பாதி நேரம் வைரஸாகவோ விளம்பரமாகவோ, தட்டச்சுப் பிழையாகவோ இருக்கும். வேலைக்குத் தேவைப்பட்ட தளமாக இருந்தால் அன்றைக்கே திறந்துவிடுங்கள். திறக்கச் சொல்லி நாலு நாள் காத்திருக்க வைத்தால், சொந்த மொபைலில் ஹாட்ஸ்பாட் போட்டு அலுவலகக் கணினியை அதில் இணைத்துவிடுவார்கள், அப்போது ரூட்டரில் போட்ட தடை, லாக் எதுவும் அந்தக் கணினிக்குப் பொருந்தாது.

ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில் அவருடைய விண்டோஸ் கணக்கு, மெயில், கிளவுட் கணக்கு மூன்றையும் அன்றே முடக்குங்கள். ஆனால் அழிக்காதீர்கள், வேலை ஃபைல்களை எடுத்த பிறகு அழிக்கலாம். அவருக்குத் தெரிந்திருந்த வைஃபை, ரூட்டர், பொதுக் கணக்குகளின் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். கணினியில் அவருடைய சொந்த ஃபோட்டோவோ சான்றிதழோ இருந்தால் எடுத்துக்கொள்ள, பக்கத்தில் ஒருவர் இருக்க, அரை மணி நேரம் கொடுங்கள். அவர் சம்பந்தப்பட்ட லாக், முன்பே எழுத்தில் சொன்ன 60 நாளில் மற்ற லாகோடு சேர்ந்து அழியட்டும், அவருக்கென்று தனியாக எடுத்து வைக்காதீர்கள்.